மெட்டைப் பாடாத ஆள்

இரண்டு பேர் சேர்ந்து பாடிய பாட்டு எதுவானாலும் என் காது முதலில் மெட்டைப் பாடாத ஆளைத்தான் தேடிப் போகும். மெட்டு எங்கேயும் ஓடிவிடாது, அது தானாக வந்து காதில் விழும். பக்கத்தில் இன்னொருவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடிப் பாடி வந்த பழக்கம் இது. எங்கள் ஊர் நாகர்கோவில். பள்ளிக்கூட நாளிலிருந்து சர்ச் கொயரில் இருக்கிறேன். எங்கள் ஆராதனையில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. கீர்த்தனை என்றால் ராகம், தாளம், சபை முழுவதும் ஒரே மெட்டு. பாமாலை என்றால் மேல்நாட்டு மெட்டு, கொயர் நாலு பார்ட்டாகப் பிரிந்துவிடும். பெண்களின் மேல்குரல் சோப்ரானோவுக்கு மெட்டு கிடைக்கும். ஆண்களின் கீழ்க்குரல் பேஸுக்குக் கம்பீரம், மேல்குரல் டெனருக்கு உயரம். ஆல்ட்டோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே சுரம். இரண்டு வரி முழுக்க ‘ஸோ’விலேயே நின்றுவிட்டு, மூன்றாவது வரியில் அரைப்படி இறங்கி, திரும்ப வந்து அதே ‘ஸோ’. புதிதாகச் சேரும் பிள்ளைகள் முகம் வாடிப் போய் வந்து நிற்பார்கள். "அக்கா, எங்களுக்கு ட்யூனே இல்லியே" என்பார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. போனை எடுத்து, எவர்லி பிரதர்ஸ் என்கிற அமெரிக்க அண்ணன் தம்பி ஜோடியின் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுவேன்.

அவர்களிடம் வருவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நம் இசையில் இரட்டையர் இல்லாமல் இல்லை. ஆலத்தூர் சகோதரர்கள், ராதா–ஜெயலட்சுமி, சூலமங்கலம் சகோதரிகள் எல்லாரும் பாடியது ஒரே சுரத்தில். இரண்டு குரல் ஒன்றாகிவிட வேண்டும் என்பதுதான் அங்கே லட்சியம். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தில் எது யார் குரல் என்று பிரிக்கப் பார்த்துத் தோற்காதவர் எங்கள் தெருவில் கிடையாது. சினிமா டூயட்டில் பெரும்பாலும் ஒருவர் பாடி முடித்ததும் மற்றவர் எடுப்பார். இரண்டு குரல் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரத்தில் நின்று, அந்த இடைவெளியே பாட்டாக மாறுவது வேறு மரபிலிருந்து வருகிறது. அதன் வேர் ஒன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கிராமச் சபைகளில் இருக்கிறது.

அங்கே சேக்ரட் ஹார்ப் என்று ஒரு பாட்டுப் புத்தகம், 1844இல் முதலில் அச்சானது. சுரங்களை முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று வடிவமாகவே அச்சிட்டிருப்பார்கள். நாலு பார்ட்டும் நாலு பக்கம் சதுரமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடுவார்கள். சுரங்களை எழுத்தாகக் குறிக்கும் டானிக் சோல்ஃபாவைப் பார்த்துப் பாமாலை படித்த எங்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த இரண்டு அண்ணன் தம்பிகள்தான் லூவின் பிரதர்ஸ்: அண்ணன் ஐரா, தம்பி சார்லி. ஐராவுக்கு மாண்டலினும் கூரையைத் தொடும் டெனரும். சார்லிக்குக் கிட்டாரும் கீழ்க்குரலும். பாட்டின் நடுவிலேயே பார்ட்டை மாற்றிக்கொள்வார்கள். மேலே இருந்தவர் மெட்டுக்கு இறங்குவார், கீழே இருந்தவர் ஹார்மனிக்கு, அதாவது மெட்டோடு சேர்ந்து வரும் துணைச் சுரங்களுக்கு, ஏறுவார், கைமாறிய இடம் கேட்பவருக்குத் தெரியாது. கொயரில் இதை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இது பயிற்சியால் மட்டும் வருவதல்ல. ஒரே வீட்டில் ஒரே உச்சரிப்பில் பேசி வளர்ந்த வாய் வேண்டும்.

ஐராவின் குடியும் கோபமும் பேர்பெற்றவை. சுருதி நிற்காத மாண்டலினை மேடையிலேயே போட்டு உடைப்பாராம். 1963இல் சார்லி பிரிந்தார். 1965 ஜூனில் மிசூரியில் ஒரு கார் விபத்தில் ஐரா இறந்தார். சார்லி 2011 வரை இருந்தார், தனியாகப் பாடினார். எனக்கு அந்தத் தனிப்பாட்டுகளைக் கேட்கத் தெம்பில்லை. மேலே இருக்க வேண்டிய குரல் இல்லாத இடம் அத்தனை பெரிதாகக் கேட்கிறது.

சரி, எவர்லி பிரதர்ஸ்.

டான் 1937இல் பிறந்தவர், பில் 1939இல். அப்பா ஐக் எவர்லி கெண்டக்கி நிலக்கரிச் சுரங்கத்து ஆள், நல்ல கிட்டார் கலைஞர். அயோவாவில் ஷெனண்டோவா என்கிற சிற்றூரின் வானொலியில் குடும்பமாகப் பாடினார்கள். பையன்கள் மைக் முன்னால் நின்றே வளர்ந்தார்கள். 1957இல் ‘பை பை லவ்’ வந்தது. எழுதியவர்கள் பூட்லோ பிரையன்ட், ஃபெலிஸ் பிரையன்ட். அவர்களும் ஒரு ஜோடிதான், கணவன் மனைவி. பலர் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு அது. இந்த இரண்டு பையன்களிடம் வந்ததும் நாடு முழுக்க ஓடியது. அடுத்த வருஷம் ‘ஆல் ஐ ஹேவ் டு டூ இஸ் ட்ரீம்’.

அவர்கள் செய்தது காகிதத்தில் பார்த்தால் மிக எளிது. டான் கீழே மெட்டு, பில் மேலே ஹார்மனி. டான் ஸ-வில் இருந்தால் பில் க-வில். டான் ரி-க்குப் போனால் பில் ம-வுக்கு. ஒரு சுரம் விட்டு அடுத்த சுரம், பெரும்பாலும் அப்படியே. ஆனால் பில்லின் பார்ட்டை மட்டும் தனியாகப் பாடிப் பாருங்கள். அதுவே ஒரு முழு மெட்டு. பாட்டைத் தெரியாதவர் அதை மட்டும் கேட்டால் இதுதான் அசல் என்று நம்பிவிடுவார். தனியாக நின்றாலும் அழகாக இருக்கிற ஒன்றை ஒருவர் பாடிக்கொண்டே, அதை இன்னொருவருடைய மெட்டுக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. டான் தனியாகப் பாடும் வரிகள் பல பாட்டுகளில் உண்டு. பில் பெரும்பாலும் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டு, அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் மூச்சு எடுத்து, அவர் சொல்லை முடிக்கும் இடத்தில் முடித்தார். பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டும் பாட்டு 1960இல் வந்த ‘கேத்திஸ் க்ளௌன்’. அமெரிக்காவில் ஐந்து வாரம், இங்கிலாந்தில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. பல்லவி தொடங்கும்போது இருவரும் சேர்ந்து எடுக்கிறார்கள். அதன்பின் டான் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறார். பில் இறங்குவதில்லை, மேலே அதே சுரத்தில் நிற்கிறார். டான் இறங்க இறங்க இடைவெளி அகலமாகிக்கொண்டே போகும். ஒரு இடத்தில் இரண்டு சுரமும் உரசும், அடுத்த படியில் இனிக்கும், மறுபடி உரசும். மாறுகிறவர் டான், ஆனால் அந்த மாற்றம் நமக்குக் கேட்பதே பில் அசையாமல் நிற்பதால்தான். "ஒரே சுரம்தானே" என்று சலித்த பிள்ளை இதைக் கேட்டதும் தலையை நிமிர்த்துவாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதே இல்லை.

இந்தப் பாட்டைக் கேட்டவர்களில் லிவர்பூல் பையன்கள் இரண்டு பேரும் உண்டு. 1963இல் வெளிவந்த பீட்டில்ஸின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யில் ஜான் லெனன் மெட்டை எடுத்துக்கொண்டு இறங்க, பால் மெக்கார்ட்னி மேலே ஒரே சுரத்தில் நிற்பார். அது எவர்லியிடம் எடுத்தது என்று மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். கடனைத் திருப்பியும் கொடுத்தார். 1984இல் எவர்லி சகோதரர்கள் மறுபடி ரெக்கார்டு செய்தபோது அவர்களுக்காகவே ‘ஆன் தி விங்ஸ் ஆஃப் எ நைட்டிங்கேல்’ எழுதினார்.

"மறுபடி" என்று சொல்லக் காரணம், நடுவில் ஒரு பத்து வருஷம் இல்லாமல் போனது. 1973 ஜூலை 14, கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்கிற கேளிக்கைப் பூங்காவில் கச்சேரி. டான் குடித்துவிட்டு மேடையேறி வரிகளைத் தவறவிட்டார். பில் கிட்டாரை உடைத்துவிட்டு இறங்கிப் போனார். மீதிக் கச்சேரியை டான் தனியாகப் பாடி முடித்தார். அதன்பின் இருவரும் பேசிக்கொண்டது 1975இல் அப்பாவின் இறுதிச் சடங்கில் மட்டும் என்று சொல்வார்கள். 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சேர்ந்தார்கள். அந்தப் பதிவைக் கேளுங்கள். பத்து வருஷம் பேசாத அண்ணன் தம்பி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மூச்சு எடுக்கும் இடம்கூட மாறவில்லை.

பில் 2014 ஜனவரியிலும், டான் 2021 ஆகஸ்டிலும் போனார்கள்.

எவர்லியைக் கேட்டு அப்படியே பாட வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன்கள் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலும் இருந்தார்கள். பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல். ஆறாம் வகுப்பில் பள்ளி நாடகத்தில் பழக்கமானவர்கள்: ‘ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட்’ நாடகத்தில் சைமன் வெள்ளை முயல், கார்ஃபங்கல் பூனை. 1957இல் டாம் அண்ட் ஜெர்ரி என்ற பெயரில் ஒரு ரெக்கார்டும் போட்டுவிட்டார்கள். 1964இல் சொந்தப் பெயரில் முதல் ஆல்பம். அது ஓடவில்லை, இருவரும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன் இவர்களைக் கேட்காமலேயே ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாட்டின் மேல் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்தார். செப்டம்பரில் அது வெளிவந்தது. 1966 ஜனவரி 1 அன்று அது அமெரிக்காவில் முதலிடம். இல்லாமல் போன ஒரு ஜோடியை ஒரு ரெக்கார்டு மறுபடி சேர்த்து வைத்தது.

என் சித்தப்பா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளில் ஜிம் ரீவ்ஸுக்கு அடுத்தபடி தேய்ந்தது இவர்களுடையதுதான். ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ தொடக்கத்தில் இருவரும் ஒரே சுரத்தில் இருப்பார்கள். அப்புறம் பிரிவார்கள். அந்தப் பிரியும் இடத்தில் சித்தப்பா வால்யூமைக் கூட்டுவார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. கொயரில் சேர்ந்த பிறகு புரிந்தது.

இவர்கள் கதையில் என்னை மிகவும் அசைப்பது 1970இல் வந்த ‘பிரிட்ஜ் ஓவர் ட்ரபுள்ட் வாட்டர்’. எழுதியது சைமன். ஆனால் இதை நீதான் பாட வேண்டும் என்று கார்ஃபங்கலிடம் கொடுத்தார். கார்ஃபங்கல் முதலில் தயங்கினார், நீயே பாடு என்றார். சைமன் விடவில்லை. லாரி நெக்டெலின் பியானோவோடு கார்ஃபங்கல் தனியாகவே தொடங்குகிறார், சைமன் குரலே இல்லை. இரண்டு சரணம் அப்படியே போகிறது. மூன்றாவது சரணத்தில்தான் சைமன் வருகிறார், அதுவும் ஹார்மனியாக. தான் எழுதிய பாட்டில் தானே துணைக்குரல். அந்தச் சரணத்தில் அவர் நுழையும் இடத்தை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். கார்ஃபங்கலின் குரலுக்கு அவர் போட்டியாக வருவதில்லை. கொஞ்சமும் முன்னால் வருவதில்லை.

ஆனால் மேடையில் வேறு. கார்ஃபங்கல் அதைப் பாடி முடித்து அரங்கம் எழுந்து நின்று கைதட்டும்போது, ஓரத்தில் நின்ற சைமன் ‘அது என் பாட்டு’ என்று நினைத்ததுண்டு. பின்னாளில் பேட்டியில் அவரே அதைச் சொன்னார். அந்த ஆல்பம் வந்த வருஷமே ஜோடி பிரிந்தது. 1971இல் அதற்கு கிராமி விருதுகள் குவிந்தபோது இருவரும் சேர்ந்து இல்லை. இரட்டையர் ஏன் உடைகிறார்கள் என்று பணம், பெண், குடி என்று பல காரணம் எழுதுவார்கள். எல்லாம் இருக்கும். ஆனால் அடியில் கிடப்பது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: மெட்டு யாருக்கு? எங்கள் கொயரிலேயே ஒரு சோலோ யாருக்குப் போகிறது என்பதில் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. உலகமே கேட்கிற பாட்டு என்றால் அந்த வலி எவ்வளவு இருந்திருக்கும்!

அந்த ஆல்பத்திலேயே ‘பை பை லவ்’வும் இருக்கிறது, அயோவாவில் மேடையில் பாடிய பதிவு. பிரியப் போகிற நேரத்தில் அவர்கள் எடுத்துப் பாடியது எவர்லி சகோதரர்களின் பாட்டை. 2003இல் இருவரும் மறுபடி சுற்றுப்பயணம் போனபோது டானையும் பில்லையும் கூடவே அழைத்துப் போய், அதே பாட்டை நாலு பேருமாகப் பாடினார்கள்.

சோல் இசைக்கு வந்தால் சாம் அண்ட் டேவ். சாம் மூர் டெனர், டேவ் பிரேட்டர் கீழ்க்குரல். இவர்களிடம் ஹார்மனியைவிட முக்கியம், ஒருவர் கூப்பிட மற்றவர் பதில் சொல்வது. கறுப்பின மக்களின் சபைகளில் போதகர் ஒரு வரி சொல்ல சபை பதில் கொடுக்கும் அதே வழக்கம்தான், மெம்பிஸில் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவுக்குள் வந்துவிட்டது. 1966இல் ‘ஹோல்ட் ஆன், ஐம் கமின்’, 1967இல் ‘சோல் மேன்’. இரண்டையும் எழுதியவர்கள் ஐசக் ஹேஸ், டேவிட் போர்ட்டர் என்ற இன்னொரு ஜோடி. சாமும் டேவும் மேடைக்கு வெளியே வருஷக்கணக்கில் ஒருவருக்கொருவர் பேசியதில்லை. மேடையில் மட்டும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்துக்கொண்டிருந்தார்கள். டேவ் 1988இல் கார் விபத்தில் இறந்தார். சாம் 2025 ஜனவரியில்.

பாடாத ஜோடிகளைப் பற்றி எனக்குச் சொல்லக் குறைவு. பாரிஸின் எலெக்ட்ரானிக் இசை ஜோடி டாஃப்ட் பங்க் 2021 பிப்ரவரியில் பிரிந்தபோது என் தம்பி நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. ஹிப்ஹாப்பில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் 2003இல் ஆளுக்கொரு ஆல்பம் செய்து இரண்டையும் ஒரே உறையில் போட்டு வெளியிட்டார்கள். நம் விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1952இலிருந்து 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள். அவர்கள் பாட்டில் எது யார் போட்டது என்று இன்றுவரை டீக்கடையில் வாதம் நடக்கிறது. சூலமங்கலம் சகோதரிகளைப் போலவே அதுவும் பிரிக்க முடியாத வகை.

நான் கடைசிக்கு வைத்திருந்தது கார்ப்பெண்டர்ஸ். அண்ணன் ரிச்சர்ட், தங்கை கேரன். கலிஃபோர்னியாவில் டௌனி என்கிற ஊர்.

கேரன் முதலில் டிரம்ஸ் வாசித்தவர். பாடகி என்று தன்னைச் சொல்லிக்கொள்வதைவிட டிரம்மர் என்று சொல்லவே விரும்பியவர். குரல் கான்ட்ரால்ட்டோ, அதாவது பெண் குரலில் மிகக் கீழே உள்ள வகை. எங்கள் வரிசையில் உட்கார வேண்டிய குரல். எந்தக் கொயரிலும் அந்தக் குரலை இரண்டாவது வரிசையில் நிறுத்தி, ஒரே சுரத்தைக் கொடுத்திருப்பார்கள். ரிச்சர்ட் என்ன செய்தார் என்றால், மெட்டையே அந்தக் கீழ்ப் பகுதிக்கு இறக்கி எழுதிக் கொடுத்தார். மற்ற பார்ட்டுகள் எல்லாவற்றையும் அதற்கு மேலேயும் கீழேயும் அடுக்கினார். 1970இல் ‘க்ளோஸ் டு யூ’ நாலு வாரம் முதலிடம். அதன் முடிவில் ஒரு கொயரே பாடுவதுபோல் கேட்கும். அத்தனையும் இவர்கள் இருவரின் குரல்தான். ஒரு பார்ட் பாடி டேப்பில் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த பார்ட், அதன் மேல் மறுபடி அதே பார்ட் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். நாலு பார்ட் பாடுகிறவர்கள் அதைக் கேட்டால் ஒவ்வொரு சுரமும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கை நீட்டிக் காட்டிவிடலாம், அவ்வளவு சுத்தம். கேரன் 1983 பிப்ரவரி 4 அன்று, உணவை மறுக்கும் நோயால் இதயம் நின்று, 32 வயதில் இறந்தார்.

இருவருக்கும் இந்தச் சுத்தம் வந்தது லாங் பீச் கல்லூரி கொயரில். அங்கே கொயர் மாஸ்டர் ஃபிராங்க் பூலர். தான் இளம் வயதில் எழுதி வைத்திருந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் வரிகளை மாணவன் ரிச்சர்டிடம் கொடுத்தார். ரிச்சர்ட் புது மெட்டுப் போட்டார். 1970இல் வெளிவந்த ‘மெர்ரி கிறிஸ்துமஸ், டார்லிங்’ அதுதான். எங்கள் கிறிஸ்துமஸ் கலை நிகழ்ச்சியில் இந்த வருஷம் அதைப் பாடலாமா என்று கேட்டிருக்கிறேன். மெட்டு ஆல்ட்டோவுக்கு, ஹார்மனி சோப்ரானோவுக்கு. ‘ட்யூனே இல்லியே’ என்று வாடிய பிள்ளைகள் இப்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். மெட்டை விட்டுக்கொடுத்து மேலே ஒரே சுரத்தில் நிற்கப் போகும் சோப்ரானோ பிள்ளைகளுக்கு, நவம்பர் பிராக்டீஸ் முதல் நாள் ‘கேத்திஸ் க்ளௌன்’ போடுவதாக இருக்கிறேன்.